கால்வாய் வளைந்த இடம்

"ஏனுங்க, கண்டிப்பாத் தோண்டித்தான் பாக்கோணுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

தொல்பொருள் இலாகா அதிகாரி சைனுதீன் மண்மேட்டைச் சுற்றி நடந்தார். வேலந்தாவளத்துக்குத் தெற்கே, சென்னியப்பனின் கடலைக்காட்டு நடுவில், கற்கள் வட்டமாகச் சூழ்ந்த சிறு மேடு. புதிய கால்வாய்க்கு அடித்த முளைக்குச்சிகள் நேராக அதை நோக்கியே வந்தன. பழங்கால ஈமக்குழி என்று அவர் எழுதிக் கொடுத்தால் கால்வாய் விலகிப் போகும். இல்லையென்றால் மறுநாளே மண்வெட்டி விழும்.

மொழிவாரியாக மாநிலம் பிரிவதற்கு முந்தைய வருடம் அது. மேற்கே பாறைக்காட்டில் ஊரார் பாண்டவர் குழி என்று சொல்லும் இதே போன்ற ஈமக்குழிகள் பல இருந்தன. யாரும் தொடக்கூடாது என்று அவற்றுக்கெல்லாம் காலையில்தான் பலகை நட்டிருந்தார்கள். இது மட்டும் தள்ளித் தனியாகக் கிடந்தது.

கால்வாய் மேஸ்திரி செபாஸ்டினுக்குப் பொறுமை இல்லை. "ஏன் சாரே, நாலு கல்லுக்காகவா என் கால்வாய் வளையணும்?" என்றார். வளைந்து போனால் தண்ணீருக்குக் கால் வலிக்காது, தனக்குத்தான் வலிக்கும் என்று முணுமுணுக்கவும் செய்தார்.

மேடு பாட்டன் காலத்திலிருந்தே இருப்பதாகவும், அதைக் கலைத்தால் ஊருக்கு ஆகாது என்றும் சென்னியப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மனைவி சுப்பாத்தாள் வரப்பில் நின்று சைனுதீனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைனுதீன் குந்தி உட்கார்ந்து, ஓரத்தில் சிறு கரண்டியால் மண்ணைக் கிளறினார். கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் வந்தன. இன்னும் கொஞ்சம் கிளறியவர் சட்டென்று நிறுத்தி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்.

"ரெண்டாயிரம் வருசத்துக் குழி. இங்கயும் பலகை நடுங்க."

செபாஸ்டின் அலுத்துக்கொண்டே முளைக்குச்சிகளைப் பிடுங்கப் போனார். சைனுதீன் சென்னியப்பனைத் தனியே அழைத்தார்.

"இந்தக் கல்லும் ஓடும் பாறைக்காட்டுலருந்து எடுத்தாந்ததுதானுங்களே. கல்லுகள்ல வெயிலுக்குக் கறுத்த பக்கம் கீழ கெடக்குதுங்க. நான் போனதும் எல்லாத்தையும் புரட்டி வச்சிருங்க. அடுத்து வர்ற ஆபீசர் பாத்தாக் கண்டுபுடிச்சிருவாரு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உள்ளே யாருங்க?"

"எங்க மகளுங்க" என்றார் சென்னியப்பன். "போன மாசியில அம்மை வாத்துப் போயிட்டா. இடுகாட்டுல பொதைக்க ஊருல விடலீங்க."