ஆறே முக்கால் தண்ணீர்

"கலியன் தூங்கி எழுந்தாத்தான் நம்ம தெருவுக்குப் பொழுது விடியும்" என்றாள் குணசுந்தரி.

குழாயடியில் நின்றவர்கள் கொட்டாவிக்கு நடுவே சிரித்தார்கள்.

பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற தெரு அது. பனியில் எதிர் வீடுகூட மிதக்கிற மாதிரிதான் தெரியும். ஆறு மணிக்கு வரவேண்டிய தண்ணீர், நாலு மாதமாக ஆறே முக்காலுக்குத்தான் வருகிறது. அதுவரை தெருவே குடங்களோடு பாதித் தூக்கத்தில் நிற்கும். வந்தால் நாற்பது நிமிடம், அதற்குள் மேல்தொட்டி காலியாகிவிடும்.

வால்வு திறக்கிற கலியன், தொட்டிக்குக் கீழே கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், "வந்துடும்மா" என்பார். கண்ணைத் திறக்க மாட்டார்.

குணசுந்தரியின் மகள் பூமிகாவுக்கு ஏழே காலுக்கு ஸ்கூல் வேன். தண்ணீருக்கு நின்று நின்று மூன்று தடவை வேனை விட்டாயிற்று. மூன்றாவது தடவை அரையாண்டுப் பரீட்சை. குழந்தை அழுதுகொண்டே ஷேர் ஆட்டோவில் போனது.

குணசுந்தரி அன்றைக்கே, பழையபடி ஆறு மணிக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கவுன்சிலருக்கு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள்.

தெருவின் கடைசியில் ஒரு வாடகை ரூம். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற நாலு பெண்கள் சில மாதம் முன்பு அங்கே குடிவந்திருந்தார்கள். எல்லோருக்கும் நைட் ஷிப்ட். பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியபோது, ஜெபா என்கிற பெண் வந்து திறந்தாள். கதவு திறந்ததே தவிர, கண் திறக்கவில்லை.

"தண்ணி விஷயம்மா. ஒரு கையெழுத்து போடு."

"எங்கக்கா?"

"இங்க."

சுவரில் பேப்பரை வைத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தராமல், கையில் பிடித்தபடியே போய்ப் படுத்துவிட்டாள். குணசுந்தரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கவுன்சிலர் நர்மதா, குணசுந்தரியையும் வைத்துக்கொண்டு, கலியனைத் தன் வீட்டு வாசலிலேயே விசாரித்தார்.

"நாப்பத்தோரு பேரு எழுதிக் குடுத்துருக்காங்க. இன்னாண்ணே இது?"

கலியன் மனுவை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். கடைசியாக இருந்த ஜெபாவின் பெயரில் விரல் நின்றது. குணசுந்தரியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டார்.

"மோட்டார் எதுனா ரிப்பேரா?"

"இல்லீங்க."

"உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தாங்க இருக்கேன்."

"அப்ப ஏன் லேட்டு?"

"தூக்கந்தாங்க" என்றார்.

"கான்ட்ராக்ட் வேலைண்ணே. மேல எழுதுனா போயிடும்."

"தெரியுங்க. நாளையிலேருந்து ஆறு மணிக்குத் தொறந்துடறேன்."

தொறந்தார். மறுநாள் சரியாக ஆறு மணிக்குக் குழாய் பேசியது. ஆறே முக்காலுக்கெல்லாம் தெரு காலி. குணசுந்தரி நிதானமாகப் பூமிகாவுக்கு ரெட்டைச் சடை பின்னி வேன் ஏற்றினாள். பார்த்தவர்களெல்லாம் அவளைப் பாராட்டினார்கள்.

நாலாவது நாள் வேனை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, பனிக்குள் குழாயடியில் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனாள்.

ஜெபா. கம்பெனிச் சட்டை, கழுத்தில் கார்டு. குழாய்க்குக் கீழே காலிக் குடம். குழாய்த் தூணில் தலையைச் சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெபா."

கண்ணைத் திறந்தாள். "தண்ணி வந்துடுச்சாக்கா?"

"வந்து நின்னே போச்சு. இப்பல்லாம் ஆறு மணிக்கே வுடறாங்களே. நீகூட கையெழுத்து போட்டியே."

"நானா?" யோசித்துப் பார்த்தாள். "ஒரு பேனா மட்டும் கையில இருந்துச்சு. யாருதுன்னு தெரியல." மறுபடி குழாயைப் பார்த்தாள். "எங்க ட்ரெய்ன் ஆறரைக்குத்தான்கா வருது. முன்னல்லாம் நாங்க வர்ற நேரத்துக்குத் தண்ணி வரும். மூணு நாளா குளிக்கக்கூட இல்ல."

குணசுந்தரி வீட்டுக்குப் போய், பிடித்து வைத்த இரண்டு குடத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அந்த ரூமில் வைத்தாள். பிறகு நேராகத் தொட்டிக்கு நடந்தாள்.

கலியன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் கண் திறந்திருந்தது.

"அண்ணே, அந்தப் பொண்ணுங்க ட்ரெய்னுக்குத்தான் காத்துக்கினு இருந்தீங்களா?"

கலியன் வால்வுச் சாவியை எடுத்துத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே."

"சத்தம் கேக்கும்மா. ட்ரெய்ன் கெளம்பி அஞ்சு நிமிஷத்துல நாலு பேரும் தெருவுக்குள்ள வந்துடுவாங்க. அப்பத் தொறந்தா சரியா இருக்கும்."

"இத கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? ஏன் திட்டு வாங்கிக்கினு சும்மா இருந்தீங்க?"

கலியன் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "சொல்லியிருந்தா, நேத்து வந்த நாலு பொண்ணுங்களுக்காக நாங்க இன்னாத்துக்கு நிக்கணும்னு நீங்கதாம்மா மொதல்ல கேட்டிருப்பீங்க. என்னத் திட்டுனா நான் ஊட்டுக்குப் போயி மறந்துடுவேன். அதுங்க இந்தத் தெருவுலதானே குடியிருக்கணும்?"