சூட்டோடு மடித்த துண்டு

“கேட்டாண்ட ஒரு பொண்ணு வெயில்ல நிக்குதே மாமி, உள்ள வுட்றதுதானே?” துணி உலர்த்தும் டிரையரின் பின்மூடியைக் கழற்றியபடி கேட்டான் மெக்கானிக் கிருபாகரன்.

“அவ என் மாட்டுப்பொண். இஸ்திரிப் பெட்டியை அணைக்காம ஆபீஸ் போய் என் பிள்ளையை எரிச்சவ. நீ வந்த வேலையைப் பாரு,” என்றாள் பெருந்தேவி.

கிருபாகரன் தலை குனிந்துகொண்டான். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நடந்த அந்த விபத்து மாமல்லபுரம் முழுக்கத் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாடியறையில் படுத்த அவள் மகன் ஹரிசங்கர் எழுந்திருக்கவே இல்லை. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது அலமாரியும், அதை ஒட்டியிருந்த இஸ்திரி மேசையும், சுவரில் இருந்த சுவிட்சும் கரியாகக் கிடந்தன.

அணைத்தேனா, இல்லையா? மருமகள் மேக்னாவுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழந்தை சுவேதாவை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சிறுசேரியில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைகளில் மட்டும் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

“துணி ஈரமாவே வருதுன்னீங்களே, இத்தப் பாருங்க.” கிருபாகரன் பில்டரிலிருந்து கம்பளி போல ஒரு பஞ்சுப் படலத்தை உரித்தெடுத்தான். “ஒவ்வொரு வாட்டியும் இத்த எடுத்துடணும். பின்னாடி குழாயிலயும் மணலும் பஞ்சும் அடைச்சிகினு கீது. அப்புறம் எப்டி ஈரக் காத்து வெளிய போவும்? வேலைக்காரம்மாகிட்ட சொல்லி வைங்க.”

“இந்த மெஷினை யாரையும் தொட விடமாட்டேன். மடித்துணி. மழைக்காலத்துல கொடியில காயலைன்னுதான் வாங்கினதே. தோய்க்கறது, காயப்போடறது, மடிச்சு வைக்கறது எல்லாம் நான்தான். அவளைக்கூடத் தொட விட்டதில்லை.”

“மடி ஆசாரத்துக்கும் மிசினு வந்துடுச்சா? சர்தான்!” சிரித்தவன் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனான். “நல்லெண்ண வாசனை வருதே?”

“சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் துண்டு. நன்னா சோப்புப் போட்டுத் தோய்ச்சுதான் போடறேன்.”

“தோச்சாலும் எண்ண முழுசாப் போவாது மாமி. அந்தத் துண்ட இதுல போடவே கூடாது. சூடா எடுத்து அப்டியே மடிச்சு அடுக்கினீங்கன்னா உள்ளுக்குள்ள சூடு ஏறிகினே இருக்கும். ரெண்டு, மூணு மணி நேரத்துல தானாப் பத்திக்கும். ஓட்டல்ல மசாஜ் துண்டு எரிஞ்சத இந்தக் கண்ணால பாத்தவன் நான்.”

“பக்கத்துல நெருப்பு ஒண்ணும் இல்லாமயா?”

“இன்னா மாமி, அதான் சொல்றேனே. நெருப்பே வோணாம்.”

“அலமாரியில வெச்சாலுமா?”

“அது இன்னும் மோசம். காத்தே போவாதே.”

பெருந்தேவி டிரையரைப் பிடித்துக்கொண்டாள். அன்று பன்னிரண்டு மணிக்கு, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல், அவன் துண்டுகளைச் சூட்டோடு மடித்து அந்த அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தது அவள்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியதும் அவள்தான்.

கிருபாகரன் கிளம்பிப் போன பிறகு, சுவேதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். குழந்தை கம்பி வழியாகக் கையை நீட்டி அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தது.

வாராவாரம் சொல்வதையே மேக்னா அன்றும் சொன்னாள். “அணைச்ச மாதிரிதான் இருக்கும்மா. ஆனா சத்தியம் பண்ண முடியலை. யாருமே பார்க்கலையே. என்மேல தப்பில்லைன்னு உங்களுக்கு எப்போ தோணித்தோ, அன்னிக்குச் சொல்லுங்கோ. குழந்தையை அழைச்சுண்டு போறேன்.”

பெருந்தேவியின் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. குழந்தையின் விரல்களைத் துப்பட்டாவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“நீ அணைக்கலைடீ. நான் பார்த்தேன்.”