ஹேண்ட்பிரேக் அம்மா

"பேரு?" என்று கேட்டார் அந்த அம்மா, என் லைசென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெயர்தான் அதிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டுப் பெயரைச் சொன்னேன்.

சிலிண்டர் கிடங்கில் லோடு ஏற்ற வருகிற லாரிகள் எல்லாம் முதலில் இந்த மேஜையைத் தாண்டியாக வேண்டும். கம்பெனி முறையாகப் பதிவாகியிருக்கிறதா, எங்கேயாவது விபத்து, அபராதம் உண்டா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அந்த அம்மா கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்த பிறகுதான் கேட் திறக்கும். டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஹேண்ட்பிரேக். இழுத்தால் இழுத்ததுதான்.

என் பக்கத்தில் மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையில் முதலாளி நின்றிருந்தார். அவரிடம் எனக்கு அன்றுதான் முதல் நாள்.

வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. பேப்பர் படிக்கிற மாமனார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இன்னைக்கும் லீவா மாப்ளே?" என்பார். கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அக்கறையாகக் கேட்பார்.

வேலை கிடைத்ததை வீட்டில் சொன்னேன். எந்தக் கம்பெனி, எங்கே லோடு என்பதை மட்டும் சொல்லவில்லை. முதல் லோடை ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதுவும் இந்தக் கேட்டுக்குள் லாரி ஓட்டிக்கொண்டு நுழைய வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ நாள் ஆசை.

"நம்ம கம்பெனி மேல ஒரு சின்னப் புகார்கூடக் கிடையாதுங்க மேடம்," என்றார் முதலாளி.

அது உண்மைதான். கம்பெனி பதிவாகியே மூன்று மாதம்தான் ஆகிறது. புகார் வருவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

அந்த அம்மா எழுந்தார். ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு நேராக என் லாரியிடம் போனார். புதுக் கம்பெனி பழைய லாரியோடு வந்து நின்றால் அவர் திரையை நம்புவதில்லை. கதவில் பெயரை மாற்றி எழுதலாம், நம்பர் பிளேட்டை மாற்றலாம். லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் பொறித்த எண்ணை மாற்றுவது அத்தனை லேசில்லை. குனிந்து, கிரீஸைத் துடைத்து, அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார்.

எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் வேறொரு கம்பெனியின் பெயர் வந்தது. பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து, போன வருஷம் உரிமம் பறிபோன கம்பெனி.

அவர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

முதலாளி அசரவில்லை. "அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. வண்டியை ஏலத்துல எடுத்தேன்."

அந்த அம்மா திரையின் பக்கம் திரும்பினார். பழைய கம்பெனியின் பதிவில் இருந்த போன் நம்பரைப் பார்த்து, மேஜை போனில் நிதானமாக அழுத்தினார்.

முதலாளியின் சட்டைப் பையில் சேவல் கூவியது.

இந்த மாதிரி ஆட்கள் பெயரை மாற்றுவார்கள், பெயிண்டை மாற்றுவார்கள். லோடு தருகிறவர்கள் கூப்பிடுகிற நம்பரை மட்டும் விட மனசு வராது. அது அந்த அம்மாவுக்கு அத்துப்படி.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அந்தச் சேவலோடு என் வேலையும் போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

போனை அமுக்கிவிட்டு முதலாளி இறங்கி வந்தார். பழசு பழசாகவே போகட்டும், இப்போது பிரேக்கெல்லாம் புதுசு, வேண்டுமானால் டிரைவரையே கேளுங்கள் என்று என் தோளில் கையைப் போட்டார். கை கனமாக இருந்தது. இந்தக் கேட் இல்லாவிட்டால் அவருக்கு வேறு கேட். நான் ஒத்துப் பாடினால் வேலையாவது மிஞ்சும் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டிரைவர். பிரேக் பிடிக்குதா?"

வருகிற வழியில் பாலத்து இறக்கத்தில் ஒரு மிதிக்கு லாரி நிற்கவில்லை. இரண்டாவது மிதியில்தான் நின்றது. முதல் நாளே நொட்டை சொன்னால் எவன் வேலை கொடுப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்திடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது, மேடம்."

தோளிலிருந்து கை விலகியது. இனி வராதே என்று சொல்லக்கூட முதலாளி மெனக்கெடவில்லை. அந்த அம்மா லாரிச் சாவியை என்னிடம் வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். லோடு கேட்டு முதலாளி கொடுத்திருந்த மனுவில் சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டு, அதிகாரிகளுக்குப் போன் போட்டார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

வெளியே வந்தேன். மறுபடியும் வேலையில்லாதவன். ஆனாலும் நெஞ்சு கொள்ளாத பெருமையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

வரிசையில் காத்திருந்த ஒரு தாடிக்கார டிரைவர் ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பாவப்பட்டு என் கையைப் பிடித்தார். "முதல் நாளே பொழப்புல மண்ணா? அந்தம்மாவுக்கெல்லாம் குடும்பம் குட்டின்னு ஒண்ணு இருக்குமாய்யா?"

நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இருக்குய்யா," என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "நான்தான் அவ வீட்டுக்காரன்."