இரண்டு ஸ்பூன் சர்க்கரை

ஜப்பானியத் தோட்டத்தில் தேநீர் விருந்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டுத்தான் கிட்டுசாமி மார்ச்சில் இறந்துபோனார். ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மதியம், அவர் மனைவி மரகதம் பிளசன்டன் வீட்டிலிருந்து தனியாகவே கார் ஓட்டிப் போனாள்.

குளத்தில் செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. பாய் விரித்த சின்ன அறையில், கிமோனோ உடுத்திய ஜப்பானிய அம்மாள் பச்சைத் தேநீரை மூங்கில் மத்தால் நுரைக்க அடித்து மரகதத்தின் முன் வைத்தாள். பக்கத்தில் ஆளில்லாத திண்டின் முன்னே ஒரு காலிக் கிண்ணம் இருந்தது.

"என் ஹஸ்பண்ட் வரமாட்டார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மரகதம்.

"அவர் அப்பவே வந்து குடிச்சிட்டாரே," என்று அந்த அம்மாளும் ஆங்கிலத்திலேயே சொல்லிச் சிரித்தாள். "சர்க்கரை கேட்டார். இங்கே யாரும் கேட்கிறதில்லை. ரெண்டு ஸ்பூன் போட்டேன்."

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த பதினெட்டு வருஷமாக, காபியில் அரை ஸ்பூன்கூட மரகதம் போட்டதில்லை. காலிக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அடியில் கரையாத சர்க்கரை பச்சை நிறத்தில் ஒட்டியிருந்தது.

குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொரு கிண்ணம் வேணும்னா கேளுங்க," என்றாள் பிறகு, தமிழில், திரும்பாமலே. "நான் ஒண்ணும் சொல்லமாட்டேனுங்க."

பக்கத்துத் திண்டு மெல்ல அமுங்கியது.