அவசரத்துக்கு ஒரு நம்பர்

தனியாக மலையேற வந்த பல் டாக்டருக்குப் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. இம்மியும் அசையவில்லை. கழுத்தில் தொங்கிய மீட்புக் கருவியை அமுக்கினார். சிவப்பு விளக்கு மினுங்கியது. அப்பாடா!

கருவியைப் பதிவு செய்தபோது அலுவலர் கேட்டிருந்தார்: "சிக்னல் வந்தா, முதல்ல உங்க ஆளுக்குப் போன் பண்ணி விசாரிப்போம். வீட்ல பத்திரமா இருக்கார்னு சொல்லிட்டா தேட வரமாட்டோம். யார் நம்பர்? மனைவியா?"

"ஐயோ, மலையேறுறேன்னு தெரிஞ்சா அவ என் காலை உடைச்சிருவா! என் நண்பன் மருந்துக்கடைக்காரன் நம்பரைப் போடுங்க. சொன்ன சொல் தவறமாட்டான்."

தவறமாட்டான்தான். காலையில் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னது டாக்டருக்கு இப்போதுதான் உறைத்தது.

"மாப்ளே, யார் போன் பண்ணாலும் நம்பாதே. என் வீட்டுக்காரி ஆள் வச்சுக்கூடக் கேப்பா. 'எங்க வீட்லதான் அசந்து தூங்குறான்'னு அடிச்சுச் சொல்லிடு!"