சுரண்டின நம்பர்

"ஏன் தம்பி, டிவிக்குள்ள போடுற டிரான்சிஸ்டர்ல இருக்க நம்பரையெல்லாம் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு அழிக்கிறீகளாமே, உங்களுக்கே நல்லாருக்கா?"

தல்லாகுளத்துல ராஜகுரு கடைக்குள்ள காலு வச்சதும் கேட்டுப்புட்டேன். டிவி, ரேடியோ ரிப்பேர் கடை. எங்க வீட்டுக்காரரு இருபது வருசமா அங்கதான் மெக்கானிக்கு. அன்னைக்கு யாரோ வீட்டுல டிவி ரிப்பேர் பார்க்கப் போயிருந்தாரு. அது தெரிஞ்சுதான் விளாங்குடியிலருந்து பஸ் ஏறுனேன்.

"உக்காருங்க மதினி. டீ சொல்லவா?"

"டீ கெடக்குது. நம்பர் தெரிஞ்சா அடுத்த கடைக்காரன் ரிப்பேர் பார்த்துருவான்னு பயமாமே? ஊரே பேசுது."

"தொழில் ரகசியம் மதினி"ன்னு சிரிச்சாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நம்பர் இல்லாததால ஒவ்வொண்ணையும், தொட்டா கீன்னு கத்துற பஸ்ஸர வச்சு, எந்த வகைன்னு பார்க்கணுமாம். பொழுதன்னைக்கும் குனிஞ்சு கெடந்துட்டு, வீட்டுக்கு வந்தா மனுசனுக்குப் பேசக்கூடத் தெம்பில்ல.

அதுல அவருக்குக் கண்ணு வேற மங்கிப்போச்சு. வெளிய சொன்னா வேலை போயிரும். போன மாசம் தல்லாகுளம் பஸ்ஸுன்னு பேரையூர் பஸ்ல ஏறி, திருமங்கலத்துல போயி எறங்கியிருக்காரு. அங்கதான் எங்க நாத்தனா வீடு. அவ மோர்க்கொழம்பு வைக்கிற லட்சணத்த இன்னொரு நா சொல்றேன்.

"அவருக்கு இடுப்பு வலி தம்பி. நம்பர விட்டு வைங்க"ன்னேன். பொய்தான்.

ராஜகுரு இன்னும் தேய்க்காத ரெண்டு டிரான்சிஸ்டர எடுத்து என் கையில வச்சாரு. பட்டாணி தண்டி, மூணு காலு.

"படிங்க."

"எழுத்து எறும்பு மாதிரியில்ல இருக்கு! ஐநூத்தி நாப்பத்தேழா, அம்பத்தேழா?"

"ஒண்ணு பிசி 547, ஒண்ணு பிசி 557. அந்த ஒத்த நம்பர்தான் வித்தியாசம். ஆனா அது என்பிஎன், இது பிஎன்பி. நேர் எதிர். மாத்திப் போட்டா செட்டு ஓடாது. தீவாளிக்கு முந்தி அண்ணே மூணு தடவ மாத்திப் போட்டுட்டாரு. மத்த மெக்கானிக்குக சிரிச்சானுக. அன்னைக்கு அண்ணே தூக்குவாளியத் தொறக்கவே இல்ல."

சோறு அப்புடியே திரும்பி வந்த நாளு எனக்கு நெனப்பு வந்துச்சு.

"மக்கா நாளு விடிஞ்சதுமே தேய்க்க ஆரம்பிச்சேன். இப்பப் படிக்கிறதுக்கு எவனுக்கும் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் பஸ்ஸர்தான். காலத் தொட்டு, சத்தத்தக் கேட்டு, இன்ன வகைன்னு டக்குனு சொல்றது அண்ணே ஒருத்தருதான். சிரிச்சவனுக இப்ப அவருகிட்டத்தான் வந்து நிக்கிறானுக."

ரெண்டு டிரான்சிஸ்டரையும் அவரு கையிலயே திருப்பி வச்சேன்.

"அண்ணனுக்குத் தெரிய வேணாம் மதினி."

சாயங்காலம் வந்ததும் வராததுமா, செருப்பக் கழட்டிக்கிட்டே கேட்டாரு. "கடைக்கு வந்தியாமே? எதுக்குத் தேய்க்கிறானாம்?"

"தொழில் ரகசியமாம்."

"கருமிப் பய! இருபது வருசம் கூட இருக்கேன், எம்மேல ஈரமே இல்லையே அவனுக்கு."

"ஆமாங்க"ன்னு சொல்லிட்டுச் சோத்தப் போட்டேன்.