ஹீட்டருக்கு ஓட்டெடுப்பு

"ஒடெட், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டேன்மா, விரலெல்லாம் விறைக்குது." போர்வைக்குள்ளிருந்து கெஞ்சினார் லூசியன்.

"ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. இன்னைக்குக் கூட்டினா தினமும் கேப்பீங்க," என்றாள் மனைவி.

"அமெரிக்காவோட வடகோடி மெய்ன் மாநிலத்துக் குளிர்ல இப்படியா? ஓட்டெடுப்பு வைப்போம்!"

ஒடெட்டும் மகள் கோலெட்டும் எதிர்த்துக் கை தூக்கினார்கள். லூசியன் தோற்றார்.

"ஈவு இரக்கமே இல்லையா? இந்த ஸ்வெட்டர் யோசனையை யாரு சொன்னது?"

"நீங்கதான்ப்பா. ஏழைங்களுக்கு ஹீட்டர் எண்ணெய் மானியம் கூடாதுன்னு மூணாவது தடவையா இன்னைக்குச் சட்டசபையில ஓட்டுப் போட்டப்ப, 'ஸ்வெட்டர் போட்டுக்கட்டும்'னு சொன்னீங்களே! டிவியில பார்த்தோமே."

உறுப்பினர் லூசியன் இறங்கி வந்தார். "மறு ஓட்டெடுப்பு வைக்கலாமா?"

"ஜெயிச்ச பக்கத்து ஆளுதான் அதைக் கேக்கணும், உங்க சபை விதிதானே?" ஒடெட் சிரித்தாள். "இங்க ஜெயிச்சது நான். அங்க ஜெயிச்சது நீங்க. நாளைக்கு அங்க நீங்க கேட்டுட்டு வாங்க, இங்க நான் கேக்கறேன்."